தங்கச்சியிடமும் காட்டு

மாப்ளே,

ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதானால் அப்புறம் திட்டு. இங்கே எல்லோரும் நலம். நெட்டையன் காரியத்துக்கு உன்னால் வர முடியாததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

போன வாரம் அவன் கூட வாழ்ந்தவளோடு வங்கிக்குப் போனேன். வைப்புத்தொகைக்கு அவன் நாமினி போட்டிருக்கவில்லை. படிவத்தில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். பேனாவை அதன்மேல் வைத்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பினாள். பதினோரு வருஷம் ஒன்றாக வாழ்ந்தவள், மாப்ளே. பணம் அவன் அம்மாவுக்குத்தான். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. தாலி கட்டாமல், பதிவு செய்யாமல் கூட வாழ்ந்தவளுக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

'ரொம்ப வருஷம் சேர்ந்து வாழ்ந்தால் சட்டமே மனைவி என்று ஏத்துக்கும்' என்று நீங்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் சாதித்தீர்களே, அது பாதிதான் சரி. 50 வருஷம் கணவன் மனைவியாக வாழ்ந்த ஒரு ஜோடிக்குத் திருமணம் நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். ஆனால் அந்த அனுமானம் ஊரறியக் கணவன் மனைவி என்று இருந்தவர்களுக்கு. நெட்டையனோ கேட்டவர்களிடமெல்லாம் 'எங்களுக்குக் கல்யாணம் ஆகலை' என்று பளிச்சென்று சொன்னவன். அவன் சொன்ன உண்மையே இப்போது அவளுக்கு எதிராக நிற்கிறது. எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'திருமணம் போன்ற உறவை' ஏற்கிறது, ஜீவனாம்சமும் கேட்கலாம், சரி. அது கொடுமைப்படுத்துகிறவனிடமிருந்து காப்பாற்ற வந்த சட்டம். அன்பாக இருந்து செத்துப்போனவன் சொத்தில் அது பங்கு தராது.

இப்போது உன் விஷயம். நீயும் தங்கச்சியும் ஒன்பது வருஷமாக அதே மாதிரிதான் கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்கிறீர்கள். கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்ல நான் யார்? உயில் எழுது. வெள்ளைத்தாள் போதும். நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்து இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பண்ணிவிடு. நாமினி போட்டாச்சே என்பாய். நாமினி பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர்தான், வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். காப்பீட்டில்கூட 2015 திருத்தப்படி பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால்தான் பணம் அவர்களுக்கே சொந்தம். வாடகை ஒப்பந்தத்திலும் அவள் பெயரைச் சேர்.

ஒரு சாட்சி நான். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறுகிறேன். இன்னொருவருக்கு வாத்தியாரைச் சொல்லிவை. நாலு தடவை படித்துப் பார்த்து ஒற்றுப்பிழை திருத்தாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார், அதனால் காலையிலேயே வரச் சொல்.

உன்
மாப்ளே