மரப் பரப்பை எப்படி அளந்தார்கள் என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரங்களின் மர விதானம், அதாவது மேலிருந்து பார்த்தால் மரங்கள் மூடியிருக்கும் நிலம், இத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்று அடிக்கடி செய்தி வருகிறது. வரட்டும், வரவேண்டியதுதான். ஆனால் எந்தச் செயற்கைக்கோள் படம், எந்த மாதம் எடுத்தது என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் போட்டால் அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், 30 மீட்டருக்கு 30 மீட்டர், 900 சதுர மீட்டர். தெருவோரத்தில் 6 மீட்டர் அகலத்துக்குக் கிளை விரித்து நிற்கும் மரம் மூடுவது சுமார் 28 சதுர மீட்டர், அந்தக் கட்டத்தில் 3 சதவீதம்தான். சுற்றிலும் தாரும் கான்கிரீட்டும் என்றால் அந்த மரம் கணக்கிலேயே வராமல் போய்விடும். சென்டினல்-2 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் படத்தில் கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். மரம் முழுதாக ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் கால் பங்குக்கு மேல் அதுவே நிறைக்கும். ஆக ஒரே தெருவுக்கு இரண்டு படத்திலும் இரண்டு விடை வரும். பழைய கணக்கை ஒன்றிலும் புதியதை இன்னொன்றிலும் போட்டுவிட்டு மரம் பெருகிவிட்டது என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் புல். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டைப் போடுகிறார்கள். புல்லும் அதையேதான் செய்கிறது. மழை ஓய்ந்த கையோடு எடுத்த படத்தில் காலி மனையில் மண்டிய செடிகொடிகூட மரக் கணக்கில் ஏறிவிடும், இலையுதிர்ந்த மாதத்தில் எடுத்தால் நிஜ மரமே விடுபடும். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி உயரம் அளக்கும் லைடார் இருந்தால் புல்லையும் மரத்தையும் பிரித்துவிடலாம், செலவுதான் அதிகம்.

செலவில்லாத வழியும் உண்டு. தெளிவான வான்படத்தில் கண்டபடி 500 புள்ளிகளைத் தூவி, ஒவ்வொன்றும் மரத்தின் மேல் விழுந்ததா என்று கண்ணால் பார்த்து எண்ணுவது. 100 புள்ளி மரத்தில் விழுந்தால் 20 சதவீதம், அதில் மூன்றரை கூடவோ குறையவோ பிழை இருக்கலாம். அடுத்த முறை 22 வந்தால் அதை வளர்ச்சி என்று கொண்டாட முடியாது, பிழைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

எனவே சதவீதம் போடும்போது எந்தப் படம், எந்த மாதம், எவ்வளவு பிழை என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையையும் இதோடு கலக்க வேண்டாம். வெட்டிய ஒரு பெரிய மரத்தின் விதானத்தைக் கன்றுகள் எட்டிப்பிடிக்கப் பல வருஷம் ஆகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்