செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: குடியிருப்போர் நலச் சங்கம், பள்ளிக்கரணை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, வடிகால் தூர்வாருதல், கொசு மருந்து எல்லாம் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு குழுக் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பற்றித்தான்.

நம் பகுதியில் பழைய ஷீட் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். இறக்கிய ஷீட்டைச் சுத்தியலால் அடித்துத் துண்டாக்குகிறார்கள். அப்போதுதான் குட்டியானை வண்டியில் நிறைய ஏறுமாம். வேலை செய்யும் பிள்ளைகளின் முகத்தில் வெறும் துண்டு. பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியெல்லாம் வெள்ளைத் தூசு. அப்புறம் இரவோடு இரவாகச் சதுப்பு நிலத்தின் ஓரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற இடம் அது. பார்த்தால் வயிறு எரிகிறது.

ஷீட் முழுதாக இருக்கும்வரை அதில் கலந்துள்ள ஆஸ்பெஸ்டாஸ் நார் பெரும்பாலும் சிமென்டுக்குள் அடங்கிக் கிடக்கும். உடைத்தாலோ அறுத்தாலோ துளை போட்டாலோ வெளியே வரும். வெயில் மழையில் அரித்துப்போன பழைய ஷீட்டிலிருந்தும் உதிரும். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் காற்றில் நெடுநேரம் மிதக்கும். மண்ணில் விழுந்தால் மக்காது. காய்ந்த மண்ணைக் கிளறினால் மறுபடி கிளம்பும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் தோன்றும் மீசோதெலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். 20, 30 ஆண்டு கழித்துத்தான் தெரியும் என்பதால் இன்று உடைப்பவருக்கு உறைப்பதில்லை. 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் இறக்குமதி இன்னும் தொடர்கிறது. இது நிற்க வேண்டும் என்பதே குழுவின் கருத்து.

ஷீட்டுக்கு அடியில் குடியிருப்பவர்கள் பயந்துபோய் உடனே பிரிக்க வேண்டாம். மாற்றுக் கூரை போட எல்லோரிடமும் பணம் இல்லை என்பது நமக்குத் தெரியும். கூரையில் ஏறித் தேய்த்துக் கழுவாமல், துளை போடாமல் இருந்தாலே பெரிய உதவி. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கித் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். குறைந்தது என்95 முகக்கவசம் போடச் சொல்லுங்கள். தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நான்காவது குறுக்குத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் இப்படியே செய்தார். வேலை அரை நாள் கூடுதலானது, அவ்வளவுதான்.

சரி, சுற்றி வைத்ததை எங்கே கொடுப்பது? கும்மிடிப்பூண்டியில் அபாயகரக் கழிவுகளைப் புதைக்கும் நிலையம் இருக்கிறது. வீடுகளில் சேரும் ஷீட்டை அங்கே கொண்டுசேர்க்க வழிசெய்யுமாறு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் எழுதும் தீர்மானத்தை இப்போது முன்மொழிகிறேன். உறுப்பினர்கள் நிறைவேற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்