முதுகிலும் வைத்துக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

அறுபதைத் தாண்டியவர் மாதக்கணக்கில் வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார். பல இடங்களில் முதலில் கிடைப்பது ஆஸ்துமா என்று ஒரு இன்ஹேலர். அதற்கும் கேட்கவில்லை என்றால், எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று, சளியைக்கூடப் பரிசோதிக்காமல் ஆறு மாதம் காசநோய் மாத்திரை. இவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய். அதில் காரணம் பிடிபடாத வகைதான் ஐ.பி.எஃப். மருந்தில்லாமல் விட்டால், கண்டறிந்த 3 முதல் 5 ஆண்டுகளுக்குள் பாதிப் பேரை இழந்துவிடுகிறோம். வீணாகும் ஆறு மாதம் சின்ன இழப்பல்ல.

சந்தேகப்பட ஸ்டெதாஸ்கோப் போதும். சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகின் அடிப்பகுதியில் இருபுறமும் வைத்து, ஆழமாக மூச்சிழுக்கச் சொல்ல வேண்டும். செருப்பின் ஒட்டுப்பட்டையை மெல்லப் பிரித்தால் வருமே ஒரு சரசரப்பு, அது மூச்சை இழுத்து முடிக்கிற நேரத்தில் கேட்கும். ஆஸ்துமாவின் விசில் பெரும்பாலும் மூச்சை விடும்போது வருவது. சட்டைக்கு மேலாக நெஞ்சில் மட்டும் வைத்தால் இந்தச் சரசரப்பு தப்பிவிடும். விரல் நுனிகள் புடைத்து நகம் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவை, நோயாளியை உட்கார வைத்து மட்டும் பார்க்காமல், ஆறு நிமிடம் நடக்கவிட்டும் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம். தேவைப்படுவது நுரையீரலை மெல்லிய துண்டுகளாகப் படமெடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேன்; படத்துண்டின் தடிமன் 1.5 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தாவிட்டால் நல்ல நுரையீரலும் மங்கித் தெரியும். மல்லாந்து படுத்தால் முதுகுப்பக்கம் தானாகவே கொஞ்சம் அழுந்தும். ஆகவே குப்புறப் படுக்கவைத்து ஒரு முறையும், மூச்சை முழுதும் விட்ட நிலையில் ஒரு முறையும் எடுக்கச் சொல்லுங்கள். நுரையீரலின் அடியில், உறையை ஒட்டித் தேனடை போன்ற குழிகள் தெளிவாகத் தெரிந்து, வேறு காரணமும் இல்லையென்றால் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) தேவையில்லை.

'காரணம் தெரியவில்லை' என்பதைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். இத்தகைய நுரையீரல் நோய்களுக்கென 2017-இல் வெளியான இந்தியப் பதிவேட்டில் 1,084 நோயாளிகளில் ஏறத்தாழ 47 சதவீதம் பேருக்கு இருந்தது தூசு, பூஞ்சை, பறவை எச்சம் போன்றவற்றால் வரும் ஒவ்வாமை அழற்சி; ஐ.பி.எஃப். சுமார் 14 சதவீதமே. பால்கனியில் புறா அடைகிறதா, ஏர்கூலரின் புல்தட்டை எப்போது மாற்றினீர்கள், மூட்டுவலி உண்டா என்று கேட்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபியூரன்டாயின், இதயத்துடிப்புக்கு அமியோடரோன், வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார்களா என்பதும் தெரிய வேண்டும்; இந்த மருந்துகளும் நுரையீரலைப் பாதிக்கலாம். மூட்டுவாதம் போன்ற, உடல் தன்னையே தாக்கும் நோய்களைத் தேட ஏ.என்.ஏ., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனைகளும் அவசியம்.

இந்தப் பிரிவினை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஒவ்வாமை வகையில் புறாவையும் கூலரையும் விலக்குவதே முதல் மருந்து, ஸ்டீராய்டும் உதவலாம். ஐ.பி.எஃப்.பில் ஸ்டீராய்டோடு, நோயெதிர்ப்பைக் குறைக்கும் அசதியோபிரினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் சாவு கூடியதை 2012-இலேயே ஆய்வு காட்டிவிட்டது. அதற்குரியவை பிர்ஃபெனிடோனும் நின்டெடானிபும். இவை ஏறிய தழும்பைக் கரைக்காது, மேலும் ஏறுவதை மெதுவாக்கும்.

நோயாளிகளுக்கு ஒன்று: ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஓராண்டுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நோய் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று தெரியும்.

நுரையீரல் மருத்துவர்கள் இருவர்,
மதுரை