நடுப்பெயரை விட்டுவிடாதே

மங்கிலாவ், குவாம்

அன்பு மகளுக்கு,

பிறப்புப் பதிவுப் படிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். குழந்தைக்கு முதற்பெயர் முடிவாகிவிட்டது, கடைசிப் பெயர் மாப்பிள்ளையுடையது, நடுவில் ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாமா என்று. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன். விடாதே. அங்கே நம் வீட்டுப் பெயரான தைத்தானோ என்று எழுது. நம் தீவில் அந்த இடம் தாய்வீட்டுக்கு உரியது.

ஸ்பானியர் காலத்தில் முதலில் தகப்பன் வீட்டுப் பெயரும் அதற்குப் பின்னால் தாய்வீட்டுப் பெயரும் எழுதுவார்கள். 1898-இல் தீவு அமெரிக்கர் கைக்கு வந்தது. கடற்படைக்காரர்களின் ஆட்சியில் வரிசை மாறி, தாய்வீட்டுப் பெயர் நடுவுக்கு நகர்ந்தது. பல இடங்களில் ஒற்றை எழுத்தாகவும் குறுகியது. ஆனாலும் யாரும் அதை உதறவில்லை. உன் பெயரின் நடுவில் இருக்கும் குரூஸ் உன் அம்மா பிறந்த வீடு. அதை நீ எந்தப் படிவத்திலும் விட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அண்மையில் ஒரு துக்க வீட்டுக்கு ஜெபமாலைக்குப் போயிருந்தேன். உள்ளே வந்த ஓர் இளைஞன் வாசலருகே உட்கார்ந்திருந்த மூதாட்டியின் வலக்கையை எடுத்து, குனிந்து மூக்கில் வைத்து வணங்கினான். அவர் அந்தக் கையை விடாமல், "எந்த வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். "குரூஸ்" என்றான். "எந்த குரூஸ்?" என்றார் உடனே. அவன் நடுப்பெயரைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அவனுடைய பாட்டி யார், எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார், போருக்கு முன் அவர்கள் வீடு தலைநகர் ஹகாட்னியாவில் எந்தப் பக்கம் இருந்தது என்று அவனுக்கே தெரியாததையெல்லாம் அவர் சொன்னார். முதற்பெயரை அவர் கேட்கவே இல்லை.

குவாமில் குரூஸ்தான் எல்லாவற்றையும்விடப் பெருகிய பெயர். சாண்டோஸ், பெரஸ், சான் நிக்கோலஸ், கமாச்சோ என்று அடுத்தடுத்து வருபவையும் அநேகமாக ஸ்பானியப் பெயர்களே. அதனால்தான் ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பட்டப்பெயர் உண்டு. எப்போதோ வாழ்ந்த ஒரு தாத்தாவின் செல்லப்பெயரோ, தொழிலோ, உடல் அடையாளமோ அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். மரண அறிவிப்புகளில் இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பட்டப்பெயரையும் போடாவிட்டால், போனது யார் என்று பாதி ஊருக்குத் தெரியாது.

இத்தனை ஸ்பானியப் பெயர்களைப் பார்த்துவிட்டு நாம் ஸ்பானியர் வழி வந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பெயர்கள் வந்த வழி வேறு. 1668-இல் சான் விட்டோரஸ் பாதிரியாரின் தலைமையில் இயேசு சபையினர் இங்கே வந்து இறங்கியபோது நம் சமோரோ ஆட்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர், அவரோடு அது முடிந்தது. குலமும் நிலமும் தாய் வழியில் போயின. ஞானஸ்நானம் கொடுக்கும்போது பாதிரிமார் ஒரு புனிதரின் பெயரை வைத்து, அதற்கு அடுத்ததாக அந்த ஆளின் சொந்தப் பெயரை எழுதினார்கள். ஹகாட்னியாவின் தலைவர் கிப்புஹா இப்படித்தான் ஹுவான் கிப்புஹா ஆனார். இப்படி எழுதப்பட்ட இரண்டாவது பெயர் காலப்போக்கில் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கிக் குடும்பப் பெயராயிற்று. ஆகவே தைத்தானோ என்பதும் முதலில் ஏதோ ஒரு தனி மனிதனின் பெயர்தான்.

அதன்பின் போர்கள், நோய்கள், ஊர் ஊராகப் பிடுங்கிக் குடியமர்த்தல். 1710 வாக்கில் தீவுகளில் எஞ்சிய நம் மக்கள் 4,000 பேருக்கும் குறைவு. கோட்டையைக் காக்க வந்த சிப்பாய்களில் மெக்சிகோக்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் ஏராளம். அவர்கள் நம் பெண்களை மணந்தார்கள். இப்போது எங்கும் கேட்கும் பங்கெலினான் என்ற பெயர் பிலிப்பைன்ஸின் பம்பாங்கா பகுதியிலிருந்து வந்தது. பிள்ளைகளுக்குப் பாட்டும் மொழியும் வழிபாடும் சமையலும் தாய் கொடுத்தாள், பெயரை மட்டும் தகப்பன் கொடுத்தான். தாய்வழியில் வாழ்ந்த ஒரு சமூகத்தில் பெயர் தந்தைவழிக்குத் திரும்பியதால், தலைமுறைக்குத் தலைமுறை சமோரோப் பெயர்கள் ஏட்டிலிருந்து குறைந்தன. அந்தப் பெண்கள் எங்கும் போய்விடவில்லை. இன்றைக்கு குரூஸ் என்றும் டோரஸ் என்றும் இருப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தாம். நடுப்பெயரைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம். தாய் வீட்டைப் பதிவேட்டில் வைத்திருக்கும் ஒரே இடம் அது.

1856-இல் வந்த பெரியம்மை குவாமில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அத்தனைக்கும் தப்பி நின்ற பெயர்கள் சில உண்டு: மஃப்னாஸ், நபுட்டி, கித்துகுவா, கும்மாதவுதவு, தைமங்லோ, நம்முடைய தைத்தானோ. பக்கத்து ரோட்டாத் தீவில் இவை இன்னும் அடர்த்தி, ஏனென்றால் சிப்பாய்களின் கூட்டம் ஹகாட்னியாவைச் சுற்றியே இருந்தது. அங்கே அயுயு என்றே ஒரு குடும்பம் இருக்கிறது, தென்னை மரம் ஏறும் பெரிய நண்டின் பெயர் அது. எனக்கு மிகவும் பிடித்த பெயர். இவற்றின் எழுத்து மட்டும் ஸ்பானியக் காது கேட்டு எழுதியது, சொல் முழுக்க நம்முடையது.

நம் பெயருக்கு நிலமில்லாதவன் என்று பொருள் சொல்வார்கள். அதை வைத்து, நம் முன்னோர் தாழ்ந்த குலம் என்று கதை கட்டுகிறவர்களும் உண்டு. நான் அவர்களை ஏற்பதில்லை. அந்தக் காலத்துப் பெயர்கள் பிறந்த வேளையையோ, குணத்தையோ, வீட்டில் நடந்த ஒன்றையோ சுட்டியவை. ஒரே ஒரு பெயரிலிருந்து முந்நூறு ஆண்டுக் குடும்ப நிலைமையைப் படித்துவிட முடியாது.

எஞ்சிய சமோரோப் பெயர்களில் நம்முடையது பரவலானது. குவாமிலும் சைபானிலும் அதைக் கேட்கலாம், நீ இருக்கும் சான் டியேகோவிலும் கேட்கலாம். கடற்படையில் சேர்ந்து அங்கே போய்க் குடியேறிய தலைமுறை கொண்டுபோனது. இந்தப் பெயரைப் பொதுவாழ்வில் நிறுத்தியவர்களில் கார்லோஸ் தைத்தானோவை நீ மறக்கக் கூடாது. அவர் நம் கிளை அல்ல, இருந்தாலும் சொல்கிறேன். 1949 மார்ச்சில் குவாம் காங்கிரஸின் கீழவை உறுப்பினர்கள் கடற்படை ஆளுநரின் எதேச்சாதிகாரத்தை எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். கார்லோஸும் அந்த அவையில் இருந்தார். தனக்கு அறிமுகமான செய்தியாளர்களுக்கு அவர் தகவல் அனுப்பியதால்தான் அமெரிக்கப் பத்திரிகைகளில் அது செய்தியாயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் குவாமின் ஆட்சியை வகுக்கும் அடிப்படைச் சட்டம் கையெழுத்தாகி நமக்குக் குடியுரிமையும், ராணுவத்தினர் அல்லாத ஆட்சியும் கிடைத்தன. பிற்பாடு அவர் சட்டமன்ற சபாநாயகராகவும் இருந்தார்.

இங்கே பல்கலைக்கழகத்தில் இருக்கும் மைக்ரோனேசிய ஆய்வு மையத்துக்கும் ஒரு தைத்தானோவின் பெயர்தான், ரிச்சர்ட் எஃப். தைத்தானோ. 1944-இல் குண்டுவீச்சில் ஹகாட்னியா தரைமட்டமானபோது பங்குக் கோயில் பதிவேடுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. இன்று ஒருவர் தன் பாட்டனைத் தேட வேண்டுமானால் 1897-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் பிரதியைத்தான் புரட்ட வேண்டும். நீ வரும்போது அந்த மையத்துக்குக் கூட்டிப்போகிறேன். ஸ்பானிய எழுத்தரின் நீண்ட கையெழுத்தில் வீடு வீடாக ஆட்கள், வயது எல்லாம் வரும். மனைவியின் பெயரிலும் இரண்டு வீடுகள் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் இன்றும் யார் யாருக்கு உறவு என்று கண்டுபிடிக்க முடிகிறது.

மாப்பிள்ளைக்கு மனத்தாங்கல் வரும் என்று நினைக்காதே. அவர் வீட்டுப் பெயர் கடைசியில் அப்படியே இருக்கிறது. நம் ஊரில் அந்நியப் பெயர் எதுவும் அந்நியமாக நின்றதில்லை. நீ வந்திறங்கும் விமான நிலையத்துக்கே வான் பாட் என்று பெயர். சீனாவிலிருந்து வந்து குடியேறியவரின் மகன் அவர், குவாமின் சார்பில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் பிரதிநிதி. லிம்தியாக்கோ, ஷிமிசு, அண்டர்வுட் எல்லாம் இன்று சமோரோக் குடும்பங்களே. மாப்பிள்ளையுடைய பெயரும் ஒரு நாள் அப்படிச் சேரும். இதை அவருக்கு நீயே எடுத்துச் சொல். நான் சொன்னால் மாமனார் உத்தரவு போடுவதாக இருக்கும்.

எழுத்துப் பிழையில்லாமல், முழுப் பெயராக எழுது. ஒற்றை எழுத்தோடு நிறுத்தாதே, அந்த ஊர் அலுவலகத்தில் அதைக் கேள்வி கேட்பவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஞானத்தாயாக யாரைக் கேட்கப் போகிறாய் என்பதையும் சீக்கிரம் முடிவு செய். உன் அத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள். டாக்டர் சொன்ன தேதியை அம்மா நாட்காட்டியில் குறித்துவிட்டாள், டிக்கெட் விலையையும் தினமும் பார்க்கிறாள். படிவத்தை அனுப்பியதும் ஒரு வார்த்தை சொல்.

அன்புடன்,
அப்பா