வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: நூலகச் சந்தா நீக்கக் கோரிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நூலகர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. மழைக்கு ஒழுகிய கூரை செப்பனிடப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி, இவ்வாண்டு நாம் பெரிதும் உழைத்தது ஒரே கோரிக்கைக்காக: நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கட்ட வேண்டிய காப்புத்தொகையையும் ஆண்டுச் சந்தாவையும் எல்லோருக்கும் நீக்க வேண்டும்.

கோடை விடுமுறையில் ஒரு மாலை, தறிக்குடோனை ஒட்டிய லைன் வீட்டுச் சிறுமி ஒருத்தி, பூட்டும் நேரமானதால் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, விட்ட பக்கத்தின் எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். "கார்டு போடலியா கண்ணு?" என்று கேட்டேன். "அடுத்த வாரச் சம்பளத்துல பாத்துக்கலாம்னு அப்பா சொன்னாருங்க" என்றாள். மறுநாள் அவள் வருவதற்குள் அந்நூலை வேறொருவர் எடுத்துச் சென்றிருந்தார்.

தொகை சிறியதுதானே என்று நம்மில் சிலரே கேட்டதுண்டு. வாரக்கூலியில் மளிகைக் கடன் தீர்க்கும் குடும்பத்தில் முதலில் தள்ளிப்போவது இத்தகைய சிறு தொகைதான். உள்ளே அமர்ந்து படிக்கக் கட்டணமில்லை என்பதும் தறி ஓட்டுபவருக்குப் பயன்படுவதில்லை; அவருடைய ஷிப்டு முடியும் முன்பே நூலகம் பூட்டப்பட்டுவிடுகிறது. அவருக்கு நூலகம் என்பது வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகம் மட்டுமே.

தவிர, மக்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார்கள். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும், அந்தச் சுமையில் ஒரு பங்கு வாடகை வழியாகக் குடியிருப்பவர் தலையிலும் விழுகிறது. இந்த வரிக்கு வழிவகுத்த 1948ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியாலும், நம் திருப்பூரில் பிறந்து அன்று கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கத்தின் ஆதரவாலும் வந்தது என்பதில் நமக்குத் தனிப் பெருமை உண்டு. பொது நூலகச் சேவை கொள்கையளவில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோவின் 1994ஆம் ஆண்டு அறிக்கையும் கூறுகிறது. வரியாக ஒரு முறையும் வாசலில் மறுமுறையும் வாங்குவது நியாயமாகத் தோன்றவில்லை.

காப்புத்தொகை இல்லையென்றால் நூல்கள் திரும்பி வருமா என்ற கவலையை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் இன்றைய புத்தக விலைக்கு அத்தொகை எவ்வகையிலும் ஈடாகாது. உறுப்பினர்களின் நன்கொடையில் 23 பிள்ளைகளுக்கு நாம் பணம் கட்டினோம். அச்சிறுமியும் அவர்களில் ஒருத்தி. மழையில் நனைந்த ஒன்றைத் தவிர, அவர்கள் எடுத்த நூல்கள் அனைத்தும் நல்ல நிலையில் திரும்பின. சில நூல்களின் தாள்களுக்கிடையே பஞ்சுத் தூசி ஒட்டியிருந்ததைக் கண்டபோது, அவற்றை வீட்டில் பெரியவர்களும் படித்திருக்கிறார்கள் என்று மனம் நிறைந்தது.

அக்டோபர் 2 கிராம சபையில் இக்கோரிக்கை தீர்மானமாக நிறைவேறியது. அதன் நகலை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பியுள்ளோம். பதில் வரும்வரை பிள்ளைகளின் சந்தாவை வட்டமே தொடர்ந்து செலுத்த இப்பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்