அலுமாரியைத் திறந்து விடுங்கள்: யாழ்ப்பாணப் பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஆசிரியர்களே,

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினை விரும்பி வாசிக்கிறவர்கள் சிலர் இருக்கிறோம். நாங்கள் உறவினர்கள் இல்லை, ஒரே பாடசாலையில் படித்தவர்களும் இல்லை. புத்தகத்தால்தான் பழக்கம். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் முதலில் கேட்பது, "எப்படி அவவைக் கண்டுபிடிச்சனீங்கள்?" என்றுதான். எந்த நாவல் பிடிக்கும், எது பிடிக்காது என்ற கதையெல்லாம் அப்புறம்.

அந்தக் கேள்விக்கு வந்த பதில்களைக் கேட்ட பிறகுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று முடிவெடுத்தேன். கொழும்பில் பழைய புத்தகக் கடை, பென்டிரைவில் வந்த படம், லண்டன் மச்சாள் விட்டுப்போன புத்தகம், ஊர் வாசிகசாலை என்று ஆளுக்கொரு வழி. "பள்ளிக்கூட லைப்ரரியில எடுத்து வாசிச்சனான்" என்று எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனைக்கும் நாங்கள் எல்லோரும் நூலகம் இருந்த பாடசாலைகளில் படித்தவர்கள்.

லெ குவினை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். தந்தை ஆல்பிரட் குரோபர் பெயர்பெற்ற மானிடவியலாளர். 1967இல் ஒரு சிறிய பதிப்பகம் பதின்ம வயதினருக்கு ஒரு நாவல் எழுதித் தரும்படி அவரைக் கேட்டது. அவர் முதலில் ஒரு வரைபடத்தை வரைந்தார். பெரிய கடல், அது நிறையத் தீவுகள். அந்த உலகத்துக்கு எர்த்ஸீ என்று பெயர் வைத்தார். 1968இல் முதல் நாவல் வெளிவந்தது. மலைத்தீவு ஒன்றில் ஆடு மேய்த்துத் திரிந்த கெட் என்ற பையன் மந்திரம் கற்கப் போகிறான். கூடப் படிக்கிறவனுக்குத் தன் பலத்தைக் காட்டுகிற வீம்பில் செய்யக்கூடாததைச் செய்து, ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவனைத் துரத்துகிறது. ஒரு கட்டத்தில் அவன் திரும்பி நின்று அதைத் துரத்தத் தொடங்குகிறான், படகில், தீவு தீவாக. ஏறக்குறைய 200 பக்கம்தான். தொடர்ச்சியாக 1971இலும் 1972இலும் இரண்டு நாவல்கள், 1990இல் நான்காவது, 2001இல் இன்னும் இரண்டு நூல்கள் வந்தன. மூன்றாவது நாவலுக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. 2018 ஜனவரியில் லெ குவின் காலமானார்.

சரி, எங்கள் கதைகளுக்கு வருகிறேன்.

எங்களில் ஒருவர் நெடுந்தீவில் படிப்பிக்கும் ஆசிரியை. குறிகட்டுவானில் இருந்து படகில் போய் வருபவர். அவருடைய பாடசாலைக் களஞ்சிய அறையில் வெளிநாட்டில் இருந்து வந்த நன்கொடைப் பெட்டி ஒன்று பதிவேட்டில் ஏறாமலே கிடந்தது. கறையான் பிடிக்க முன்னர் துப்புரவாக்குவோம் என்று திறந்தவர் கையில் மூன்றாவது நாவல் அகப்பட்டது. முதல் இரண்டும் பெட்டியில் இல்லை. படகில் வாசிக்கத் தொடங்கி, மிதவைகளிலேயே வாழும் மக்கள் வருகிற பகுதிக்கு வந்து சேர்ந்தார். ஆண்டுக்கு ஒரு தடவை, மிதவைகளைத் திருத்துவதற்கு மட்டும், தரைக்கு வருகிற மக்கள். மற்றைய நாளெல்லாம் திறந்த கடல்தான். அதை அவர் ஒன்பதாம் தரப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதையாகச் சொன்னார். சொல்லி முடிக்க முன்னரே பின்வரிசையில் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அவை குடிக்கிற தண்ணிக்கு என்ன செய்யிறவை?" என்று கேட்டதாம்.

நெடுந்தீவில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஒரு கற்பனைக் கதையைக் கேட்டு, தன் வீட்டுக் குடத்தை நினைத்து, உடனே சரியான கேள்வியைக் கேட்டது. இதைவிட நல்ல வாசகர் ஓர் எழுத்தாளருக்குக் கிடைப்பாரா? ரீச்சர் பதில் சொல்லவில்லை. "வாசிச்சுப் பாருங்கோ" என்று புத்தகத்தை மேசையில் வைத்தார். அகராதியும் கையுமாக அதைக் கொண்டுபோனது இரண்டு பிள்ளைகள்தான் என்றாலும், அந்தப் பெட்டி திறக்கப்படாமலே இருந்திருந்தால் அந்த இரண்டு பேரும் இல்லை.

இன்னொருவர் என்னைவிட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். 1990களில் சிறுமியாக இருந்தவர். மின்சாரம் இல்லாத ஆண்டுகள், ஜாம் போத்தல் விளக்கு, விமானச் சத்தம் கேட்டால் பதுங்கு குழி, 1995இல் இடப்பெயர்வு. பிற்காலத்தில் கொழும்பில் வேலை செய்யும்போது மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடையில் இரண்டாவது நாவலை எடுத்தார். அட்டை பிடித்ததால் எடுத்தாராம், வேறு காரணம் இல்லை. அதில் தெனார் என்ற சிறுமியை ஐந்து வயதில் வீட்டில் இருந்து பிரித்தெடுத்து, கல்லறைகளைக் காக்கும் பூசாரியாக்குகிறார்கள். நிலத்துக்குக் கீழே ஒரு பெரும் அறை. அங்கே ஒளியே கொண்டுபோகக் கூடாது. தெனார் சுவரைத் தடவித் தடவி, திருப்பங்களை எண்ணி எண்ணி, இருட்டை மனப்பாடம் பண்ணுகிறாள். ஒருநாள் அங்கே ஒரு வெளிச்சம் தெரிகிறது. அந்நியன் ஒருவன் கோலின் நுனியில் ஒளியோடு நிற்கிறான். தான் கையால் மட்டுமே அறிந்திருந்த இடத்தைத் தெனார் அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்க்கிறாள்.

"குழிக்குள்ள இருந்து நான் பட்ட பயத்தை ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாமல் இருந்தது. இவ சொல்லிப்போட்டா" என்றார் அக்கா. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கொக்குவில் தம்பி ஒருவன் ஜப்பானிய அனிமேஷன் பைத்தியம். 2006இல் ஜிப்லி நிறுவனம் எர்த்ஸீ கதைகளை வைத்து எடுத்த படம் பென்டிரைவில் அவனிடம் வந்திருக்கிறது. படம் அவனுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் மூலக்கதை யாருடையது என்று தேடிப் போய் லெ குவினிடம் வந்து சேர்ந்தான். கெட்டின் நிறம் செம்பழுப்பு, அவனுடைய நெருங்கிய நண்பன் நல்ல கறுப்பு, வெள்ளைத் தோல்காரர் தூரத்து எதிரி நாட்டார் என்று வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்தில் நடந்தானாம். நாயகன் என்றால் வெள்ளைக்காரப் பையன்தான் என்று அதுவரை அவனுக்குள் பதிந்திருந்தது. பல பதிப்புகளின் அட்டைகளில் கெட்டை வெள்ளையனாகத்தான் வரைந்தார்கள். 2004இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலும் அதே கதைதான். லெ குவின் சும்மா இருக்கவில்லை, கடுமையாகக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார்.

மச்சாள் கதை சின்னது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சாள் திரும்பும்போது, பெட்டி நிறை கூடிப்போனதென்று மிளகாய்த்தூளுக்கும் பனங்கட்டிக்கும் இடம்விட்டு, புத்தகங்களை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான். ஒரு வீடு முழுக்க வாசகர்களாகிவிட்டது.

நான் படித்த பாடசாலையில் நூலகம் ஒரு நீண்ட அறை. சுவரோரம் கண்ணாடி அலுமாரிகள், ஒவ்வொன்றிலும் ஆமைப்பூட்டு. ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் நடு அலுமாரியில் இருந்தன. இடைவேளையில் போய்க் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு முதுகில் உள்ள தலைப்புகளை வாசிப்போம். எடுத்துத் தரும்படி கேட்டால், "சோதினைக்கு வருமோ?" என்ற கேள்விதான் வரும். வராது. பிறகென்ன. எர்த்ஸீ எனக்குக் கிடைத்தது எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில், பத்திரிகை மேசைக்குக் கீழே இருந்த பழைய புத்தகக் குவியலில். அட்டை இல்லை, முதல் தாள்களும் இல்லை, யார் எழுதியது என்றே தெரியாது. நான் திறந்த பக்கத்தில் ஓகியன் என்ற பெரிய மந்திரவாதியும் அவருடைய மாணவனும் மழையில் நனைந்துகொண்டு மலையில் நடக்கிறார்கள். மழையை வேறு பக்கம் திருப்புவது மந்திரவாதிகளுக்குச் சின்ன வேலை. ஓகியன் திருப்பவில்லை, மழையைப் பெய்ய விடுகிறார். நனைந்து விறைத்த மாணவன், இந்தச் சக்தியால் என்ன பயன் என்று உள்ளுக்குள் புழுங்குகிறான். நின்றபடியே வாசித்துக்கொண்டு இருந்த என்னை நிலையப் பொறுப்பாளர் பார்த்து, "கொண்டு போ தம்பி, ஆர் கேக்கப்போகினம்" என்றார். பெயர் எழுதவில்லை, கையெழுத்து வாங்கவில்லை. அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

ஆசிரியர்களே, நீங்கள் ஏன் பூட்டுகிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. ஆண்டு முடிவில் பொருட்கணக்கெடுப்பு வரும். ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பிள்ளை தொலைத்ததற்கு ஆசிரியர் கைக்காசு கட்டிய கதைகளும் எனக்குத் தெரியும். அதற்கும் அப்பால் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1981இல் எங்கள் பொதுசன நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு இடப்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. இவ்வளவையும் பறிகொடுத்தவர்கள் மிஞ்சிய புத்தகத்தைப் பூட்டிவைக்கத்தான் பார்ப்பார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பயம் இப்போது, எரிவதைக் காணாத பிள்ளைகளுக்கும் புத்தகத்துக்கும் நடுவில் கண்ணாடியாக நிற்கிறது.

அதே பொதுசன நூலகத்தைத் திட்டமிட்டபோது ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன். நூலகவியலுக்கு அவர் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நூலகப் பயிற்சிநெறிகளில் உங்களுக்கும் இதைப் படிப்பித்திருப்பார்கள். பூட்டிய அலுமாரியில் இருக்கும் புத்தகத்தை அதற்குரிய வாசகர் எப்படித் தேடி வருவார்? அப்படி ஒரு புத்தகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்கள் எல்லோருடைய கதையிலும் புத்தகம் தற்செயலாகத்தான் கையில் விழுந்தது. தற்செயல் நடப்பதற்குக் கை எட்டும் இடத்தில் புத்தகம் இருக்க வேண்டும்.

மந்திரக் கதை பிள்ளைகளைக் கெடுக்கும், நேரம் வீண் என்று பெற்றோர் சொல்வார்கள் என்கிறீர்கள். அவர்களிடம் காத்தவராயன் கூத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். விடிய விடியப் பாய்போட்டுப் பார்த்த ஊர் இது. வேதாளமும் பறக்கும் தேரும் எங்கள் பாட்டிமார் வாயில் இருந்து வந்தவை. புலமைப்பரிசில், ரியூசன், சாதாரண தரம் என்று ஓடுகிற பிள்ளைக்கு, ஒரு மாணவன் தன் ஆணவத்தால் அவிழ்த்துவிட்ட நிழலைத் தானே எதிர்கொள்ளப் போகிற கதை எப்படி வீணாகும்? ஆங்கிலம் கடினம் என்பதும் பாதிதான் உண்மை. லெ குவினின் வசனம் சொல்லிக் கேட்கிற கதைபோலச் சீராகப் போகும். முதல் அத்தியாயத்துக்கு அகராதி வேண்டும். பிறகு கதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒரே ஒரு தட்டையாவது பூட்டில்லாமல், பிள்ளைகள் தொட்டு எடுக்கும்படி வையுங்கள். கற்பனைக் கதைகள் அதில் இருக்கட்டும். வீட்டுக்குக் கொடுத்து விடுங்கள், ஒரு கொப்பியில் பெயரும் திகதியும் போதும். களஞ்சியத்தில் கிடக்கும் நன்கொடைப் பெட்டிகளை இந்தத் தவணையிலேயே திறந்து பாருங்கள். தொடர் நாவல்களைப் பிரித்து வெவ்வேறு வகுப்புகளுக்குப் பங்கிடாதீர்கள். முதலாம் புத்தகம் ஓரிடம், மூன்றாம் புத்தகம் ஓரிடம் என்றால் இரண்டையும் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். வாசித்துத் தேய்ந்த புத்தகத்தையும் தொலைந்த கதைப்புத்தகத்தையும் ஆசிரியரின் தலையில் கட்டாமல் கணக்கில் இருந்து கழிக்க வழிசெய்யும்படி வலயக் கல்வி அலுவலகங்களையும் இந்த மடல் மூலம் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு விடயத்தில் அவர்கள் கைகொடுக்காவிட்டால் உங்களால் பூட்டைத் திறக்க முடியாது என்பது தெரியும்.

எங்கள் பக்கத்தில் இருந்தும் செய்கிறோம். கூப்பிட்டால் சனிக்கிழமைகளில் வந்து பெட்டிகளைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, உறை போட்டுத் தருவோம். கிழிந்ததை ஒட்டுவோம். பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை கதை சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். நெடுந்தீவு ரீச்சர் தீவுப் பக்கப் பாடசாலைகளுக்கு வருவதாக இப்போதே சொல்லிவிட்டார். உங்களிடம் எர்த்ஸீ வரிசையில் ஏதாவது ஒரு புத்தகம் இருந்தால் எது இல்லை என்று மட்டும் அறியத் தாருங்கள். விடுபட்டதை நாங்கள் வாங்கிக் கொண்டு வருகிறோம். நெடுந்தீவுப் பாடசாலைக்கு முதலாவதும் இரண்டாவதும் வாங்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்து வாசகன் ஒருவன்