ஆலப்புழா படகு 21 மணி நேரமும் ஓடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆலப்புழா படகுவீடு பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் படகு எத்தனை மணி நேரம் ஓடும், எந்த மாதம் போனால் வாடகை குறையும், எந்தப் படகு யாருக்குத் தோதுப்படும் என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டு தடவை போய், முதல் தடவை ஏமாந்து திரும்பியவன் என்பதால் எழுதுகிறேன்.

"ஒரு நாள் வாடகை" என்பார்கள். பொதுவாகப் பகல் 12 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள், ஆக 21 மணி நேரம். அதில் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான், அதற்குள்ளும் மதியச் சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஓட்ட மாட்டார்கள், ஏனென்றால் அது மீன்பிடிக்கிறவர்கள் வலை விரிக்கிற நேரம். நியாயமான ஏற்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. முன்பணம் வாங்கும்போது இதை வாயே திறந்து சொல்லாத தரகர்களைத்தான் சொல்கிறேன். நாங்கள் போனது கிறிஸ்துமஸ் வாரம், வாடகை உச்சத்தில் இருக்கிற சமயம். ஏசி உண்டா என்றோம், உண்டு என்றார்கள். உண்டுதான், ராத்திரி 9 மணிக்கு மேல்தான் போட்டார்கள். படகைக் கட்டிய இடத்தில் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் வரிசையாகப் படகுகள், ஒவ்வொன்றிலும் ஜெனரேட்டர், போதாததற்குப் பக்கத்துப் படகில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு. இதற்கு எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்திருக்கலாம் என்றாள் என் மனைவி.

அந்தப் படகுக்கு அவர்கள் ஊரில் கெட்டுவள்ளம் என்று பெயர். கெட்டுப்போன வள்ளம் இல்லை, மலையாளத்தில் கெட்டு என்றால் நம்முடைய கட்டு. ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் இழுத்துக் கட்டி, ஆணி இல்லாமல் செய்த படகு. ஒருகாலத்தில் ஆலப்புழாவைச் சுற்றியுள்ள குட்டநாட்டு வயல்களின் நெல்லைக் கொச்சிக்கு ஏற்றிப்போனது. இப்போது அதன்மேல் அறையும் குளியலறையும் வைத்துவிட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய படகு அகலமான ஆற்றிலும் வேம்பநாட்டுக் காயல் என்கிற பெரிய ஏரியிலும்தான் போக முடியும், வீட்டு வாசலை ஒட்டி ஓடுகிற சின்ன வாய்க்காலுக்குள் நுழையாது. நாம் படத்தில் பார்த்து ஆசைப்படுகிற துணி துவைக்கிற படித்துறை, வாத்துக்கூட்டம், இரண்டு பக்கமும் சாய்ந்த தென்னை எல்லாம் இருப்பது அந்த வாய்க்கால்களில்தான். கூடுதல் காசு கொடுத்துப் பெரிய படகு எடுத்தால் அகலமான தண்ணீரைக் கூடுதல் நேரம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை புத்தி வந்தது. கரையோரம் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கிவிட்டு, காலை ஆறரைக்கு ஷிகாரா பிடித்தோம். கூரை போட்ட சின்ன மோட்டார் படகு, மணிக்கணக்கில் வாடகை, ஐந்தாறு பேர் தாராளமாக உட்காரலாம். அதைவிடக் குறுகலான இடத்துக்குத் துடுப்புப் போடுகிற வள்ளம் இருக்கிறது, சத்தமே இல்லாமல் போகும். வாய்க்கால் தண்ணீர் மேலேயும் வயலும் வீடும் கீழேயும் இருப்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், வரப்பில் நின்று தலைக்கு மேலே படகு போவதைப் பார்க்கிறவரை அது மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் அரசு படகு. கேரள நீர்ப்போக்குவரத்துத் துறையின் படகு ஆலப்புழா ஜெட்டியிலிருந்து கோட்டயத்துக்குப் போகிறது, இரண்டரை மணி நேரம், நாங்கள் போனபோது டிக்கெட் 30 ரூபாய்கூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு பெண்கள், மரப்பெஞ்சு, ஜன்னலுக்கு வெளியே, காயலை வளைத்து வயலாக்கிய ஆர் பிளாக் பக்கத்து வயல்கள். சில மாதங்களில் ஆகாயத்தாமரை வழியை அடைத்துக்கொண்டால் கோட்டயம் வரை போகாது, விசாரித்துவிட்டு ஏறுங்கள். அங்கே போக நேரம் இல்லையென்றால் நெடுமுடி போகிற படகில் ஏறுங்கள். சபரிமலைக்குப் போகிறவர்கள் முங்கி எழுகிற அதே பம்பைதான் அந்தப் பக்கம் சோம்பலாக வந்து சேர்கிறது. எங்கள் இரண்டு பயணத்திலும் மனதில் நிற்பது அந்த 30 ரூபாய்ப் பயணம்தான், படகுவீட்டுக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இதனால் படகுவீடே வேண்டாம் என்று சொல்லவில்லை. நடக்க முடியாத பெரியவர்கள், கைக்குழந்தை, இல்லை இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போகிறீர்கள் என்றால் அதுதான் வசதி, ஆளுக்குப் பிரித்தால் பாரமும் தெரியாது. ராத்திரி தங்க வேண்டாம் என்றால் பகலுக்கு மட்டும் எடுக்கலாம், படகு ஓடுகிற நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சாப்பாடு வாடகையில் சேர்த்திதானா என்று கேளுங்கள். மீன் ஒரு துண்டு தருவார்கள், இறால் வேண்டுமென்றால் வழியில் கடையில் நிறுத்தி நம் காசில் வாங்கச் சொல்வார்கள். மழை பிடித்தவர்கள் ஜூன், ஜூலையில் போனால் வாடகை நன்றாக இறங்கியிருக்கும், ஆனால் வெள்ள எச்சரிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள், 2018இல் குட்டநாடு மூழ்கியது எல்லாருக்கும் தெரியும்.

எந்தப் படகானாலும் ஏறுவதற்கு முன் பதிவு எண்ணையும், ஆளுக்கொரு உயிர்காப்பு உடை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2023 மே மாதம் மலப்புரம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்டது உரிமம் இல்லாத, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய உல்லாசப் படகு. எங்கள் முதல் பயணத்தில் அந்த உடைகள் கட்டிலுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. கேட்டதற்குச் சிரித்தார்கள்.

சென்னையிலிருந்து ஆலப்புழாவுக்கு நேரடி ரயிலே இருக்கிறது, எங்கள் ஊரில் அர்த்த ராத்திரியில் நிற்கும். ஆகவே உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே பலர் டிக்கெட் போட்டிருப்பார்கள். அடுத்த இணைப்பிலாவது புறப்படும் நேரம், கரையில் கட்டும் நேரம், ஏசி போடும் நேரம் என்ற மூன்றையும் ஒரு கட்டத்துக்குள் அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு